மேசையில் விரியும் உலகங்களை ரசிப்பது எப்படி?

கதாகாலட்சேபத்தில் பாகவதர் கதை சொல்கிறார், நாம் கேட்கிறோம். நாடகத்தில் நடிகர்கள் நடிக்கிறார்கள், நாம் பார்க்கிறோம். கேட்பவர்களே கதையின் பாத்திரங்களாகி, "நான் வாசல் வழியாகப் போகவில்லை, மதிலேறிக் குதிக்கிறேன்" என்று சொல்லவும், சொன்ன மாத்திரத்தில் கதை அவ்வழியே திரும்பவும் இடங்கொடுக்கும் ஒரு கலை, சென்ற ஐம்பது ஆண்டுகளாக உலகில் வளர்ந்து வந்திருக்கிறது. ரோல்பிளேயிங் கேம் என்று அதற்குப் பெயர். ஒரு மேசை, அதைச் சுற்றி நாலைந்து நண்பர்கள், சில பகடைகள், பென்சில், காகிதம் என இவ்வளவே அதன் உபகரணங்கள். நண்பர்களில் ஒருவர் கேம் மாஸ்டர் என்ற பெயரில் சூத்திரதாரியாக அமர்ந்து உலகத்தை வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அவ்வுலகில் தாங்கள் செய்வது இன்னதென்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்று சந்தேகம் எழும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒரே கதையை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தொடர்ந்து ஆடுவதைக் கேம்பெயின் என்பார்கள்.

இக்கலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் திகைத்து நிற்பது, எந்த உலகத்தில் ஆடுவது என்ற கேள்விக்கு முன்னால்தான். மந்திரவாதிகளும் பூதங்களும் உலவும் உலகம், நட்சத்திரங்களுக்கிடையே கப்பல்கள் ஓடும் உலகம், பயங்கரம் பதுங்கியிருக்கும் நகரம், புராணகாலத்து ராஜ்யம் என்று புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் வண்ணப் படங்களும், மடித்து வைத்த வரைபடங்களும், வாயில் நுழையாத பெயர்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் அழகில் மயங்குவது இயல்பே. ஆயினும் ஓர் உலகத்தின் உயிர் அதன் படத்தில் இல்லை. இங்கே எது அரிது, எதைச் செய்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, அவற்றுக்குப் பகடையும் விதிகளும் சொல்லும் விடையைக் காது கொடுத்துக் கேட்பவருக்கே அந்த உயிர் புலப்படும் என்பது என் பல வருஷத்து அனுபவம்.

எல்லாவற்றுக்கும் மூத்ததிலிருந்து தொடங்குவோம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் இயற்றிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-இல் வெளிவந்தது. பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து யுத்தம் ஆடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு வீரனின் வேடம் தாங்கி, பாழடைந்த கோட்டையின் நிலவறைக்குள் இறங்கிப் பார்த்ததில் பிறந்த ஆட்டம் அது. அதன் ஆதி வடிவத்தில் அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் அரக்கர்களைக் கொல்வதால் வருவதில்லை; புதையலைச் சுமந்து வெளியே கொண்டுவந்து சேர்ப்பதால், ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி வீதம் வரும். கையில் பிடித்த தீப்பந்தமோ ஒரு மணி நேரத்தில் எரிந்து அணைந்துவிடும். இவ்விரண்டு விதிகளையும் மனத்தில் சேர்த்து வைத்துப் பாருங்கள்: அணையப்போகும் வெளிச்சத்தில், தோள் வலிக்கச் சுமந்த மூட்டையோடு, வந்த வழியை நினைவுபடுத்திக்கொண்டு திரும்பும் அந்த நடையில்தான் அவ்வகை ஆட்டத்தின் முழு ரஸமும் இருக்கிறது. பந்தங்களை எண்ணாமல் ஆடுகிறவருக்கு நிலவறை வெறும் கல் அறையாகத்தான் இருக்கும்.

அதே ஆட்டத்துக்காக 1991-இல் வெளிவந்த டார்க் ஸன் என்ற உலகத்தில் விலையின் ஸ்வரூபம் வேறு. ஆதாஸ் என்ற அந்தப் பாலை உலகில் உலோகம் மிக அரிது. காசுகள் சுட்ட மண்ணால் ஆனவை. ஆயுதங்கள் எலும்பாலும் மரத்தாலும் எரிமலைக் கண்ணாடியாலும் ஆனவை. ஓங்கி அடிக்கையில் ஒடிந்தும் போகும். மந்திரவாதி தன் மந்திரத்துக்கு வேண்டிய சக்தியைச் சுற்றியுள்ள செடிகொடிகளின் ஜீவனிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறான். நிதானம் தவறினால் அவன் நின்ற இடத்து மண் சாம்பலாகிவிடுகிறது. அந்தத் தேசம் முழுவதும் பாலையானதே இப்படித்தான். ஆகவே அங்கே ஒருவர் மந்திரம் சொல்லும்போது, எதிரி விழுந்தானா என்பதோடு நின்றுவிடாமல், பக்கத்தில் நின்ற புல் என்னவாயிற்று என்றும் கேட்க வேண்டும். கேட்கத் தொடங்கினால், பாலையின் வெப்பம் மேசைவரை வந்துவிடும்.

ஆகாயத்தைக் களமாகக் கொண்ட கதைகளில் என் அபிமானத்துக்குரியது, மார்க் மில்லர் இயற்றி 1977-இல் மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்களாக வந்த டிராவலர். அதில் கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொரு நட்சத்திரத்துக்குத் தாவ, தூரம் எவ்வளவானாலும், ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். கப்பலைவிட விரைவாகச் செல்லும் தபாலோ தந்தியோ கிடையாது. ஆகையால் எல்லைப்புறத்தில் மூண்ட யுத்தத்தின் செய்தி தலைநகரத்தை அடைய மாதக்கணக்காகிறது. அரசன் இட்ட ஆணை போய்ச் சேர்வதற்குள் அங்கே நிலைமை மாறிவிடுகிறது. கப்பலை வாங்கியவர்களோ நாற்பது வருஷம், அதாவது 480 மாதம், வங்கிக்குத் தவணை கட்ட வேண்டியவர்கள். ஒரு லேசர்த் துப்பாக்கியைக் கண்டு எனக்கு ஏற்படாத பரபரப்பு, மாதக் கடைசியில் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "தவணைக்கு இன்னும் பணம் குறைகிறது, அந்தச் சந்தேகத்துக்குரிய சரக்கை ஏற்றிக்கொள்ளலாமா?" என்று நாங்கள் நால்வரும் தலைகுனிந்து யோசித்த இரவில் ஏற்பட்டது. வாழ்க்கையில் கடன் வாங்கி வீடு கட்டிய எவருக்கும் இந்த ஆகாய சாகஸம் எளிதில் விளங்கிவிடும்.

பயங்கர ரஸத்தை நாடுகிறவர்கள் 1981-இல் ஸாண்டி பீட்டர்ஸன் இயற்றிய கால் ஆஃப் கதூலூவைத் தேடிச் செல்லலாம். எச். பி. லவ்கிராஃப்டின் கதைகளை ஆதாரமாகக் கொண்ட அதில், 1920-களின் பேராசிரியர்களும் பத்திரிகை நிருபர்களும் பழஞ்சுவடிகளைப் புரட்டி, மனிதர் அறியலாகாத ரகசியங்களை அறியப் புகுகிறார்கள். அதன் விதிகளுள் நான் வியந்து போற்றுவது ஒன்று உண்டு: ஒருவருடைய சித்தத் தெளிவுக்கு உச்சவரம்பு 99, அந்த ரகசிய ஞானத்தில் அவர் எத்தனை எண் பெறுகிறாரோ அத்தனையும் அந்த உச்சவரம்பிலிருந்து கழிந்துவிடும். ஓய்வோ சிகிச்சையோ அதை மீட்டுத் தராது. எதை அறிந்தால் உலகைக் காக்கலாமோ, அதை அறிவதாலேயே அறிந்தவர் குலைகிறார். இதை ரசிப்பதற்கு வேண்டியது வீரம் அன்று, பொறுமை. ராட்சஸனைப் பார்க்க அவசரப்படாமல், கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தயங்கும் நேரத்தை நீளவிட்டு, அந்த மௌனத்தில் விளக்கைச் சற்றுத் தணித்து வைத்துப் பாருங்கள்.

புராணத்தில் பிரியமுள்ளவர்களுக்கு கிரெக் ஸ்டாஃபோர்டு சிருஷ்டித்த க்ளோராந்தா இருக்கிறது. 1978-இல் வந்த ரூன்க்வெஸ்ட் அந்த உலகத்துக்கான ஆட்டம். புயற்கடவுள் சூரியச் சக்கரவர்த்தியைக் கொன்றான் என்பது அங்கே நடந்த செய்தி. மலைநாட்டார் அதைக் கொடுங்கோலனை வீழ்த்திய வீரச்செயலாகப் பாடுகிறார்கள்; சூரியனை வழிபடுவோர் அதையே மகாபாதகமாகச் சொல்லி அழுகிறார்கள். இரு தரப்புத் தெய்வங்களும் தத்தம் அடியார்களுக்கு வரமளிப்பதால் இருவருடைய கதையும் மெய்யாகவே நிற்கிறது. அங்கே ஆடுகிறவர், எது உண்மை என்று விசாரிப்பதை விட்டு, என் குலம் இக்கதையை எப்படிச் சொல்கிறது, அதற்காக நான் எதைச் செய்யக் கடமைப்பட்டவன் என்று விசாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதே ஸ்டாஃபோர்டு 1985-இல் தந்த கிங் ஆர்தர் பென்ட்ராகன் என்ற ஆட்டத்தையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக நேசிக்கிறேன். ஆர்தர் மன்னனின் பிரிட்டன் அதன் களம். பாத்திரங்கள் அனைவரும் குதிரை வீரர்கள். வலிமையும் வாள்வித்தையும் எண்களாக எழுதப்படுவதுபோல, அவர்களுடைய குணங்களும் பதின்மூன்று இரட்டைகளாகக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும்: கருணையும் கொடுமையும், அடக்கமும் கர்வமும், மன்னித்தலும் பழிவாங்குதலும் என்று. ஒவ்வோர் இரட்டையின் கூட்டுத்தொகையும் இருபது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். செயலால் ஒரு குணம் சிறப்பாக வெளிப்பட்டால் காகிதத்தில் ஓர் அடையாளம் இடுவார்கள். வருஷக் கடைசியில், பனிக்காலத்தில், அதற்குப் பகடை உருட்டி, எண்ணைக் கூட்டுவதா என்று பார்ப்பார்கள். ஒரு குணம் பதினாறுக்கு ஏறிவிட்டாலோ, தக்க சமயத்தில் கேம் மாஸ்டர் அதன்மேல் பகடை உருட்டச் சொல்லலாம். அப்போது வீரன் எப்படி நடப்பான் என்பது ஆடுகிறவர் கையில் இல்லை.

இதன் உட்பொருளை நான் உணர்ந்தது ஒரு மழைக்கால இரவில். எங்களில் ஒரு நண்பர் தம் வீரனைப் பழிக்குப் பழி வாங்குகிறவனாகவே சில வருஷக் கதையில் நடத்திவந்தார். அவன் தந்தை போரில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டவர். அன்று, கொன்றவனுடைய மகன், மீசை அரும்பாத இளைஞன், காயம்பட்டு அவனிடம் சிறைப்பட்டான். நண்பருக்கு மனம் இளகிவிட்டது. "இவனுக்குரிய மீட்புப் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றார். கேம் மாஸ்டர் அவருடைய காகிதத்தைச் சுட்டிக்காட்டினார். பழிவாங்குதலுக்கு நேரே பதினாறு என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. "உருட்டுங்கள்" என்றார். இருபது முகப் பகடை உருண்டு ஒன்பதில் நின்றது. பதினாறுக்கு உட்பட்ட எண் ஆகையால் குணம் வென்றது. நண்பர் சிறிது நேரம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு, "வாளை உருவுகிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பதினாறை அங்கே எழுதியவர் வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஒவ்வொன்றாக அவரே ஏற்றி வைத்த எண் அது. செய்கை பழக்கமாகி, பழக்கம் ஸ்வபாவமாகி, ஸ்வபாவம் விதியாக வந்து நிற்பதை இவ்வளவு அண்மையில் நான் வேறெந்த நாடகத்திலும் கண்டதில்லை.

பனிக்காலத்தில் இன்னும் பல நடக்கும். குதிரை உயிரோடு இருக்கிறதா, மனைவிக்குக் குழந்தை பிறந்ததா, பிறந்தது பிழைத்ததா என்று வரிசையாக உருட்டுவார்கள். முப்பத்தைந்து வயதானவர்களுக்கு மூப்பின் தளர்ச்சியும் கணக்கிடப்படும். பெரும்பாலும் ஓர் அமர்வுக்கு ஒரு வருஷம் கழிகிறது. இதற்கென 2006-இல் வெளிவந்த பெருங்கதை கி. பி. 485-இல் தொடங்கி ஏறக்குறைய எண்பது ஆண்டுகளைத் தழுவுகிறது. அதில் ஆர்தர் கல்லிலிருந்து வாளை உருவுவது 510-இல். இருபத்தொரு வயதில் புறப்பட்ட வீரன் அதைக் காணக் கொடுத்து வைத்திருந்தால் அவனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆதலால் முதல் பாத்திரத்தின்மேல் மட்டும் பற்று வைத்தவர் பாதியில் ஏமாறுவார். வம்சத்தின்மேல் பற்று வைத்தவருக்கு ஆட்டம் நீண்டுகொண்டே போகும்.

புதியவர்களுக்கு இரண்டு வார்த்தை. எந்த உலகமாயினும் முதல் மூன்று அமர்வுகள் வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். விலை கேட்கும் சமயம் பெரும்பாலும் அதற்கு முன் வருவதில்லை. நண்பர்களோடு உட்கார்ந்து களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, டிராகன் பிடிக்குமா விண்கப்பல் பிடிக்குமா என்று கேட்பதற்குப் பதிலாக, கடனோடு போராடும் கதையா, அறிவால் அழியும் கதையா, தலைமுறை தலைமுறையாக நீளும் கதையா என்று கேட்டுப் பாருங்கள். மனமொத்த களம் தானே அமையும்.

நான் சொன்ன நண்பருடைய வீரன் மேலும் ஆறு பனிக்காலங்கள் வாழ்ந்து, கொல்லப்பட்ட அந்த இளைஞனின் தம்பி கையால் மடிந்தான். மறு வாரம் நண்பர் புதுக் காகிதம் ஒன்றை எடுத்து மகனுடைய பெயரை எழுதினார். மற்ற எண்களையெல்லாம் விரைவாக நிரப்பிவிட்டு, மன்னித்தல் என்ற வரிக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தி, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நெடுநேரம் யோசித்தார். நாங்கள் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.