ஹவுரா பாலத்தை எங்கிருந்து பார்ப்பது?

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்குகிறவர்களில் பலர் ஸ்டேஷன் வாசலிலேயே டாக்சி பிடித்துப் பாலத்தைக் கடந்துவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டங்கள் விறுவிறுவென்று ஓடும். பாலம் மட்டும் கண்ணில் படாது. ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள படகுத்துறையில் ஒரு ஃபெர்ரி டிக்கெட் எடுங்கள். ஹவுரா பாலம் ஆற்றிலிருந்து பார்க்க வேண்டிய பாலம்.

நடு ஆற்றுக்கு வந்ததும் தண்ணீரைப் பாருங்கள். தூணே இருக்காது. கரைக்கு ஒன்றாக 280 அடிக் கோபுரங்கள் இரண்டு, இடையில் 1,500 அடிக்கு வெறும் ஹூக்ளி. முன்பு இங்கே இருந்தது பிராட்ஃபோர்ட் லெஸ்லி அமைத்து 1874ல் திறக்கப்பட்ட மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதியை விலக்கி வழிவிட வேண்டும். அதுவரை கரையில் வண்டியும் ஜனமும் காத்துக் கிடக்கும். சரி, ஆற்றுக்குள் தூண் நட்டுக் கட்டலாம் என்றால், வண்டல் சேர்ந்துவிடுமே என்ற பயம். அதனால்தான் கான்டிலீவர் முறைக்குப் போனார்கள்.

சுவரிலிருந்து பால்கனி நீள்வதுபோல, ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் 468 அடிக்கு ஒரு கை ஆற்றின் மேல் நீள்கிறது. அது முன்னால் சாயாதபடி கரைப்பக்கம் 325 அடிக்கு இன்னொரு கை இழுத்துப் பிடிக்கிறது. நீண்ட இரு கைகளுக்கும் நடுவே 564 அடித் துண்டு ஒன்று தொங்குகிறது. கை எங்கே முடிகிறது, தொங்கும் துண்டு எங்கே தொடங்குகிறது என்று படகிலிருந்து தேடிக் கண்டுபிடியுங்கள். அது பிடிபட்டால் பாதிப் பாலம் புரிந்த மாதிரி.

பிறகு நடந்து ஏறுங்கள். நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவே வரிசையாக நிற்கும் இரும்புக் கால்கள் பாலத்தைத் தாங்குவதாகத் தோன்றும். உண்மையில் தாங்குவது மேலே இருக்கும் சட்டகம். நீங்கள் நிற்கும் தளமே இந்தக் கால்களில் தொங்குகிறது. கிட்டே போய்ப் பாருங்கள்: நட்டு, போல்ட்டு கிடையாது, எல்லாம் ரிவிட். அடிப்பகுதியில் ஃபைபர் உறை போட்டிருப்பார்கள். வெற்றிலை எச்சில் இரும்பையே அரித்ததால் வந்த ஏற்பாடு அது. ஜப்பான் குண்டுக்குத் தப்பிய பாலத்துக்கு இப்படி ஓர் எதிரி!

குண்டு என்றது சும்மா இல்லை. 1936ல் தொடங்கிய வேலை போர்க்காலத்தில் மாட்டிக்கொண்டது. 26,500 டன் எஃகில் சுமார் 23,000 டன்னை டாடா கொடுத்தது. 1943 பிப்ரவரியில் திறந்தபோது விமானத் தாக்குதலுக்குப் பயந்து விழா எதுவும் வைக்கவில்லை. இரவில் ஒரு டிராம் மட்டும் கடந்தது. 1993க்குப் பிறகு பாலத்தில் டிராமும் இல்லை. 1965ல் தாகூர் பெயரில் ரவீந்திர சேது ஆகிவிட்டது. டாக்சிக்காரரிடம் மட்டும் ஹவுரா பிரிட்ஜ் என்றே சொல்லுங்கள்.

கொல்கத்தா பக்கம் இறங்கினால் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. சாமந்தி மூட்டைகளுக்கு நடுவே நின்று அண்ணாந்தால் தளத்தின் அடிவயிறு முழுக்கத் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள். இரவு விளக்கு அலங்காரத்தைப் பலர் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. கலர் வெளிச்சத்தில் ஒரு ரிவிட்கூடத் தெரிவதில்லை.