காலத் தர்க்கமும் அதன் சம்பிரதாயங்களும்

மதுரையில் மேலூர் சாலையிலிருந்து கே.கே. நகருக்குள் வண்டியைத் திருப்புவதற்காகச் சாயங்கால நெரிசலில் காத்து நிற்கும் ஒருவர், சிக்னல் என்னும் யந்திரத்திடம் எதிர்பார்ப்பவை இரண்டே: குறுக்கே மோதக்கூடிய இரு திசைகளுக்கு ஒருசேரப் பச்சை விழுதல் ஒருபோதும் கூடாது, காத்து நிற்கும் ஒவ்வொரு திசைக்கும் என்றேனும் பச்சை விழுந்தே ஆகவேண்டும். முன்னது தீங்கு நேராமையைக் கேட்பது. பின்னது நன்மை நேர்ந்தே தீர வேண்டும் என்பது. ஒன்றை மட்டும் நிறைவேற்றுவது வெகு சுலபம். நாலு பக்கமும் சிவப்பையே எரியவிட்டால் விபத்தும் இராது, போக்குவரத்தும் இராது. இரண்டும் சேர்ந்து நிறைவேறுகின்றனவா என்பதை, யந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்து அல்லாமல், அதன் விதிகளைக் கொண்டே ஐயந்திரிபற நிர்ணயிக்க வழி சொல்லும் சாஸ்திரத்துக்குத்தான் காலத் தர்க்கம் என்று பெயர்.

இதன் மூல புருஷர் நியூசிலாந்தில் பிறந்த ஆர்தர் பிரயர் என்னும் தத்துவ ஆசிரியர். 1955-56இல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்தி 1957இல் நூலாக வெளியிட்ட சொற்பொழிவுகளில், ‘இனி என்றேனும்’, ‘இனி எப்போதும்’, ‘முன்பு ஒருகால்’ ஆகியவற்றையும் தர்க்கக் குறிகளாக்கி விதிகளுக்கு உட்படுத்தினார். அவருடைய கவலை விதியா மதியா என்னும் பழைய வழக்கே. கணிப்பொறி அவர் மனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1977இல், இஸ்ரேலைச் சேர்ந்த அமீர் ப்னுவெலி அக்கருவியைக் கணினிக்குக் கொண்டுவந்தார். கூட்டல் போட்டு விடை தந்துவிட்டு ஓய்கின்ற நிரலை அதன் விடையைக் கொண்டு மதிப்பிடலாம். ஆனால் ஓயாது ஓடவேண்டிய சிக்னலுக்கும் தொலைபேசி இணைப்பகத்துக்கும் ‘இறுதி விடை’ என்று ஒன்று ஏது? அவற்றின் குணதோஷத்தை அவை காலத்தில் நடந்துகொள்ளும் முறையைக் கொண்டே சொல்ல முடியும் என்று கண்டதுதான் அவருடைய விசேஷம். 1996இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது அவரை வந்தடைந்தது.

ப்னுவெலியின் சம்பிரதாயத்தில் காலம் ஒரு நேர்கோடு. யந்திரத்தின் ஓட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவது அதன் முறை. 1981இல் எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் வகுத்த மற்றொரு சம்பிரதாயத்தில், ஒவ்வொரு கணத்திலும் எதிர்காலம் பல கிளைகளாகப் பிரிகிறது. ‘எந்த நிலையில் இருந்தாலும் தொடக்க நிலைக்குத் திரும்ப ஒரு வழியாவது உண்டு’ என்பதைக் கிளைக்காலத்தார் எளிதில் சொல்லிவிடுவர், நேர்கோட்டாரால் சொல்லவே முடியாது. ‘ஒரு கட்டத்துக்குப் பின் என்றென்றைக்கும் நிலைத்து நிற்கும்’ என்பதை நேர்கோட்டார் சொல்வர், கிளார்க்-எமர்சன் தர்க்கத்தில் அதற்கு இடமில்லை. எது உயர்ந்தது என்ற வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. சோதனையின் வேகத்தில் கிளைக்காலமே முந்தியது. கிளார்க், எமர்சன், பிரான்சின் ஜோசப் சிஃபாகிஸ் மூவரும் 2007ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டனர். ஆயினும் சிப் வடிவமைப்பாளருக்காக 2005இல் ஏற்கப்பட்ட ஐ.இ.இ.இ. 1850 என்ற தர நிர்ணய மொழி பெரும்பாலும் நேர்கோட்டு வழியையே தழுவியது. அது வியப்புக்குரியதன்று, பழுது கண்ட பொறியாளர் முதலில் கேட்பது ‘எந்த ஓட்டத்தில், எந்தக் கணத்தில்?’ என்பதைத்தானே!

ஒரு தர்க்கத்தின் தகுதியை எடை போட இத்துறையில் இரு உரைகற்கள் உண்டு. காலவரிசையைப் பற்றி முதல்நிலைத் தர்க்கம், அதாவது ‘ஒவ்வொரு கணமும்’, ‘ஏதேனும் ஒரு கணம்’ என்று பேசும் அடிப்படைத் தர்க்கம், சொல்லக்கூடிய அனைத்தையும் அது சொல்ல வல்லதா என்பது ஒன்று. ‘அதுவரை’, ‘அதுமுதல்’ என்னும் இரு குறிகளே நேர்கோட்டுக் காலத்துக்குப் போதும் என்று 1968இல் ஹான்ஸ் காம்ப் நிரூபித்தது இவ்வகையில் பிரமாணம். சொன்னதைச் சோதிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவதாகவும் ஒன்று வேண்டும் என்பது என் கருத்து: சொன்னது நாம் கருதியதுதானா? ‘பொத்தானை அழுத்தினால் என்றேனும் பச்சை வரும்’ என்ற விதியை, பொத்தானையே அழுத்த முடியாதபடி பழுதான யந்திரம் முழுமையாக நிறைவேற்றிவிடுகிறது. சோதனைக் கருவியும் ‘சரி’ என்று முத்திரை குத்திவிடுகிறது.

நம் நாட்டின் பங்கு எங்கே என்று கேட்பார்க்குச் சென்னையைக் காட்டலாம். தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும், சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கி இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதக் கழகத்திலும் வளர்ந்த பரம்பரை, நேர்கோடு, கிளை இரண்டையும் விட்டு மூன்றாம் வழியில் நடந்தது. மதுரையில் ஒரு கணினியும் நாகர்கோவிலில் ஒரு கணினியும் தமக்குள் செய்தியேதும் பரிமாறாமல் செய்த இரு காரியங்களில் எது முந்தி, எது பிந்தி என்ற கேள்விக்கே பொருளில்லை. நேர்கோட்டாரோ எல்லா வரிசைகளையும் எழுதிப் பார்க்கிறார்கள்; ஒன்றையொன்று சாராத பத்து நிகழ்ச்சிகளுக்கு 36,28,800 வரிசைகள்! அத்தனையையும் ஒன்றாகவே பாவிக்கும் முறையைப் போலந்தின் மசுர்கேவிச் 1977இல் வகுத்திருந்தார். சென்னைப் பரம்பரையினரான கமல் லோடயா, ரா. ராமானுஜம், பி.எஸ். தியாகராஜன் மூவரும், செய்தி பரிமாறும் உறுப்புகளுக்கென்றே 1992இல் காலத் தர்க்கங்களை அமைத்தனர். தியாகராஜன் 1994இல் மசுர்கேவிச்சின் அமைப்பின்மேலேயே ஒரு தர்க்கத்தைக் கட்டினார்.

பிறகு நடந்தது இத்துறையின் நேர்மைக்கு நல்ல உதாரணம். 1997இல் தியாகராஜனும் போலந்தின் இகோர் வாலுகேவிச்சும் காம்ப்பின் உரைகல்லில் தேறிய ஒரு தர்க்கத்தை அளித்தனர்; மறு ஆண்டே வாலுகேவிச், தாமே பங்கேற்றுப் படைத்த அத்தர்க்கத்தைச் சோதிப்பதற்கான உழைப்பு அடுக்கின்மேல் அடுக்காக எல்லையின்றி ஏறும் என்று நிரூபித்தார். சொல்வன்மை கிட்டியது, பயன் கைநழுவியது. 2002இல் சென்னையின் மாதவன் முகுந்தும் பிரான்சின் பால் காஸ்டினும், உலகம் முழுவதையும் ஒரே பார்வையில் நோக்காமல் ஒவ்வொரு நிகழ்ச்சியின் இடத்தில் நின்று பேசும் தர்க்கம் ஒன்றை அமைத்து, அதே சொல்வன்மையை நேர்கோட்டுத் தர்க்கத்துக்கு ஆகும் உழைப்பின் அளவிலேயே பெற்றனர். அதற்கு இறந்தகாலக் குறிகளும் தேவைப்பட்டன, கே. நாராயண் குமாரும் சேர்ந்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரை அத்தேவையைச் சில மாறிலிகளின் அளவுக்குக் குறைத்தது. 2004இல் டீக்கர்ட்டும் காஸ்டினும் எதிர்காலக் குறிகளே போதும் என்று காட்டினர். தொழிற்சாலைகள் இன்றும் நேர்கோட்டாரின் கருவிகளையே கையாள்கின்றன. சென்னைப் பரம்பரையின் தர்க்கங்கள் பெரும்பாலும் ஆய்வேடுகளிலேயே தங்கியுள்ளன.