இரு வேர்களின் இசைவு

அல்கிர்தாஸ் என்ற லித்துவேனியப் பெயருக்கு ஒற்றைப் பொருள் தேடுகிறவர்கள் அதன் அழகைத் தவறவிடுகிறார்கள். 1345 முதல் 1377 வரை லித்துவேனியாவை ஆண்ட பெருங்கோமகனின் பெயர் அது. முன்பாதி ‘அல்கா’, அதாவது கூலி, வெகுமதி. பின்பாதி ‘கேட்டல்’ என்னும் வினையின் வேர். இரண்டையும் ஒரு வாக்கியமாக்கி, வெகுமதியால் புகழ் கேட்டவன் என்று விளக்கத் தோன்றும். பழைய லித்துவேனியரோ பெயரை வாக்கியமாகக் கட்டவில்லை. வழிவழியாக வந்த வேர்களில் இரண்டைத் தேர்ந்து இணைத்தார்கள். அல்கிமந்தாஸில் இதே முன்பாதி. தௌகிர்தாஸில் இதே பின்பாதி, ‘மிகுதி’ என்ற வேரோடு. மந்த்வீதாஸை வீத்மந்தாஸ் என்று புரட்டினாலும் முழுப்பெயராகவே நிற்கிறது. வேர்கள் இப்படி இடம் மாறியும் துணை மாறியும் பெயராகும்போது, அங்கே இருப்பது சொற்றொடர்ப் பொருளன்று. நல்லவை இரண்டும் பிள்ளையிடம் கூடட்டும் என்ற வாழ்த்து என்றே கொள்ளத் தோன்றுகிறது.

அல்கிர்தாஸ் என்ற இந்த வடிவமே பின்னாளில் செப்பனிட்டதுதானே என்று கேட்கலாம். அன்றைய எழுத்து வழக்கு ஸ்லாவியத்திலும் லத்தீனிலும் நடந்தது. ஸ்லாவிய ஏடுகளில் அந்தப் பெருங்கோமகன் ஒல்கெர்த். 1387-இல் நாடு கிறித்தவத்தைத் தழுவியபின் புனிதர் பெயர்கள் பரவ, பழம்பெயர்கள் பலவும் குடும்பப் பெயர்களாக ஒதுங்கின. ஆனால் அங்கே அவை அழியாமல் இருந்தன. லித்துவேனிய ஆட்பெயர்களை ஆராய்ந்து 1911-இல் எழுதிய கசிமீராஸ் பூகா போன்ற மொழியியலாளர்கள், அந்தக் குடும்பப் பெயர்களையும் ஏடுகளின் எழுத்தையும் ஒப்பிட்டார்கள். லித்துவேனிய ‘அ’ ஸ்லாவிய எழுத்தில் ‘ஒ’ ஆனதற்கும், ‘ஆஸ்’ விகுதி உதிர்ந்ததற்கும் ஒழுங்கு உண்டு. ஒழுங்கோடு மாறியதை ஒழுங்கோடு மீட்கலாம். எனவே இது கற்பனையன்று, மீட்பு.

வேர்களை மாற்றி மாற்றிக் கோக்கலாமென்றால் பொருளே வெறுமையாகிவிடாதா? ஆகாது, பொருள் வேர்களைத் தேர்ந்த விதத்தில் இருக்கிறது. மிந்தௌகாஸிலும் கெதிமினாஸிலும் நினைத்தல், கேஸ்துதிஸில் பொறுத்தல், அல்கிர்தாஸில் கேட்டல். எதை மதிப்பது என்று ஒரு சமூகம் எடுத்த முடிவு இந்தச் சொற்களில் தெரிகிறது. லித்துவேனியத் தேசிய எழுச்சிக்குப் பின் இப்பெயர்கள் மீண்டும் பிள்ளைகளுக்கு வந்தன: 1917-இல் பிறந்த குறியியல் அறிஞர் கிரேமாஸும், 1993-இல் குடியரசுத் தலைவரான பிரசௌஸ்காஸும் அல்கிர்தாஸ்களே. ‘அல்கா’ இன்றும் அங்கே சம்பளத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். அரசன் பெயரின் பாதி உழைப்பவர் வாயில் தினமும் புழங்குவதால்தான் இப்பெயரைப் பழம்பொருளாக அன்றி, வாழும் கலையாக ரசிக்க வேண்டும் என்கிறேன்.