ஓக் மரத்தடி அற்புதம்

காட்டைக் காப்பாற்ற மரத்தை வெட்டணும் என்று யாராவது கோடாலியுடன் வந்தால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்போம். சிகாகோவில் அப்படித்தான் பார்த்தார்கள்.

நியூயார்க் டைம்ஸில் விஞ்ஞான நிருபராக இருந்த வில்லியம் கே. ஸ்டீவன்ஸ் 1995-ல் எழுதிய 'மிராக்கிள் அண்டர் தி ஓக்ஸ்' அந்தக் கோடாலிக்காரர்களின் கதை. சிகாகோ இருக்கும் குக் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம்) காடுகளைப் பொதுச்சொத்தாகக் காக்க 1914-லேயே தனி அமைப்பு ஏற்படுத்தி, நிலம் வாங்கிப் போட்டார்கள். இன்று எழுபதாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நல்ல காரியம். ஆனால், வேலி போட்டால் காடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள். அவ்வப்போது புல்லை எரித்த தீ நின்றுபோக, பக்தார்ன் என்ற ஐரோப்பியப் புதர் புகுந்தது. குணத்தில் நம் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் நிழலில் ஓக் கன்றுகள் தலைதூக்க முடியவில்லை.

1977-ல் ஸ்டீவ் பேக்கர்ட் சில வாலன்டியர்களுடன் களம் இறங்கினார். தொழில்முறைத் தாவரவியலாளர் அல்ல. புதரை வெட்டினார்கள், தீ வைத்தார்கள், விதை பொறுக்கினார்கள். புத்தகத்தில் பிரமாதமான பகுதி, ஏறக்குறைய ஒரு துப்பறியும் கதை. ஓக் மரங்களுக்கடியில் தூவிய புல்வெளி விதைகள் முளைக்க மறுக்கின்றன. காட்டிலும் சேராத, புல்வெளியிலும் சேராத சில செடிகள் அங்கங்கே ஓரங்களில் தென்படுகின்றன. இவைதான் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று பேக்கர்ட் ஊகித்து ஒரு பட்டியல் போடுகிறார். பிறகு, மீட் என்ற டாக்டர் 1846-ல் ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுதிய பழைய செடிப் பட்டியல் கிடைக்கிறது. பார்த்தால், ஊகம் பெரும்பாலும் சரி! ஸ்டீவன்ஸ் இதைச் சொல்லும் அழகுக்காகவே வாங்கலாம்.

எனக்குத் தகராறு அந்த 'மிராக்கிள்' என்ற வார்த்தையில். அற்புதங்களுக்கு யாரும் பர்மிஷன் கேட்பதில்லை. பொது நிலத்தில் கேட்க வேண்டும். அந்தப் புதர்க்காட்டின் ஓரத்தில் வீடு வாங்கியவருக்கு பக்தார்ன்தான் பச்சை, அதுதான் ரோட்டை மறைக்கும் திரை. ஒருநாள் காலையில் மரங்கள் பட்டை உரித்துக் கிடக்கின்றன, களைக்கொல்லி, புகை வேறு. 'எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?' என்று அவர் கேட்டால் அதற்கு 1846-ம் வருஷப் பட்டியல் பதிலாகாது. ஸ்டீவன்ஸ் கதாநாயகன் பக்கத்திலேயே நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் இந்த மனிதர் இயற்கை புரியாதவராகத்தான் தெரிவார். அவரும் காட்டை நேசிக்கிறவர்தான், வேறு காட்டை.

புத்தகம் வந்த மறு வருஷமே, 1996-ல், எதிர்ப்பு வெடித்து, பத்திரிகைப் பத்திகளில் வறுத்தெடுத்து, கவுன்ட்டி இந்த வேலைகளுக்கெல்லாம் தடை போட்டது. தடை படிப்படியாகத்தான் விலகியது. அப்புறம் அறிவிப்புகள், பொதுக்கூட்டங்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவது என்று பொறுமையாக ஊரைச் சேர்த்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் இந்தக் காடுகளுக்காகச் சொத்துவரியை உயர்த்தலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'சரி' என்றார்கள். வரியை, அதுவும் தானாக!

ஸ்டீவன்ஸைப் படித்த கையோடு, பால் காப்ஸ்டரும் ப்ரூஸ் ஹல்லும் தொகுத்து 2000-ல் வந்த 'ரெஸ்டோரிங் நேச்சர்' கிடைத்தால் புரட்டவும். மறுதரப்பின் நியாயம் அதில் இருக்கிறது. பேராசிரியர்கள் எழுதியது, அங்கங்கே தூக்கம் வரும். சிகாகோ சண்டை வரும் பக்கங்களில் மட்டும் விழித்திருந்தால் போதும்.