வெட்டாமல் விட்ட மண்சுவர்

அகழாய்வில் தோண்டப்படும் சதுரக் குழிகளுக்கிடையே, நடைவழியாகவும் சான்றாகவும் வெட்டாமல் விடப்படும் மண்சுவர், கண்டெடுத்த பொருள்களுக்கு நிகராகப் போற்றத்தக்கது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கையாண்ட இம்முறை இன்று கீழடியிலும் தொடர்கிறது. கொத்துக்கரண்டியால் செங்குத்தாகச் செதுக்கி லேசாக நீர் தெளித்ததும், காலந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணின் நிறவேறுபாடுகள், அதாவது மண்ணடுக்குகள், அச்சுவரில் தெளிவாகத் துலங்க, அவற்றுக்கு எண்ணிட்ட சீட்டுகளைப் பொருத்தி, நூல் கட்டி அளந்து, வரைதாளில் பதிகின்றனர். சல்லடையில் தங்கும் மணியும் பானையோடும் எந்த அடுக்குக்கு உரியவை என்று குறிக்கப்படாவிடின், அவை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையை அடைந்தாலும் காலம் சொல்லமாட்டா. ஆதலால், நாள்தோறும் அச்சுவரைச் சரியாமல் நேராகக் காக்கும் உள்ளூர்த் தொழிலாளரின் கைத்திறன் வரலாற்றறிவின் அடிப்படைகளுள் ஒன்றாகும்.