பொருள் என்றொரு சொல்

சட்டப் பிரதிகளை நாம் வாசிப்பதில்லை. வக்கீல் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ராத்திரி கதவைத் தட்டி ‘போனைக் குடு’ என்று கேட்கும் அதிகாரம் ஒரு சொல்லில்தான் குடியிருக்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, ‘ஆவணம் அல்லது வேறு பொருள்’ எதையும் கொண்டுவரச் சொல்ல இடமளித்தது. அரிவாள் பொருள். ரத்தக்கறை வேட்டி பொருள். அந்த வரிசையில் செல்போனும் பொருளாயிற்று. தமிழில் பொருள் என்றால் அர்த்தமும்தான். காவல்துறை எடுத்துப்போவது முதலாவதை. உட்கார்ந்து படிப்பது இரண்டாவதை.

2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 94ஆம் பிரிவு தகவல்தொடர்புக் கருவிகளைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. எவ்வளவு பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு அதில் வரம்பில்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றபோது கைதட்டினோமே? 2023 அக்டோபர் 3 அன்று டெல்லியில் நியூஸ்கிளிக் பத்திரிகையாளர்களின் போன்களும் மடிக்கணினிகளும் அள்ளப்பட்டன. அடுத்த மாதம்தான் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுக்கும்படி அரசிடம் சொன்னது.

விரல் விவகாரம் இன்னும் குரூரமானது. 1961இல், காத்தி காலு ஓகட் வழக்கில், கைரேகை தருவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றது உச்ச நீதிமன்றம். அன்றைக்கு ரேகை ஆளை அடையாளம் காட்டியது, அவ்வளவுதான். இன்றைக்கு அதே கட்டைவிரல் பத்து வருஷப் பேச்சைத் திறந்துவிடுகிறது. 2022இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஒன்று, கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது, விரலை வைக்கச் சொல்லலாம் என்றது. கர்நாடக உயர் நீதிமன்றமோ 2021லேயே கடவுச்சொல்லும் சாட்சியமல்ல என்றுவிட்டது. ஆக, மனம் யாருடையது என்பதில்தான் தகராறு. உடம்பை எல்லோரும் அரசுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

‘ஒளிக்க ஒண்ணுமில்லாதவனுக்கு என்ன பயம்?’ என்று தோழர்களே கேட்கிறார்கள். போனில் அவன் மட்டுமா இருக்கிறான்? முதலாளிக்குத் தெரியாமல் சங்கம் கட்டப் பேசிய தொழிலாளி இருக்கிறார். சாதி மறுத்துக் கல்யாணம் செய்து ஊர் மாறி ஒளிந்திருக்கும் பெண்ணின் முகவரி இருக்கிறது. இவர்கள் மீது வழக்கில்லை, வாரண்டில்லை. இவர்களும் அந்தப் பொருளோடு பொருளாக ஸ்டேஷனுக்குப் போகிறார்கள்.

போனது போனபடியே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கருவியில் உள்ளதன் நகலுக்கு ஹேஷ் மதிப்பு என்று ஓர் எண் கணக்கிடலாம். பின்னால் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மகஜரில் கையெழுத்துப் போடும்முன் அதைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், கேட்டும் தரவில்லை என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்.