மேசைமேல் ஜூலுப் போர்: காலனியப் போர் விளையாட்டு ஒரு மதிப்பீடு

காலனியப் போர் விளையாட்டு என்பது, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பேரரசுகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடத்திய போர்களைச் சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு மேசைமேல் ஆடும் ஆட்டம். ஆறடிக்கு நாலடி மேசை, புல்வெளியையோ மணல்வெளியையோ காட்டும் விரிப்பு, 28 மில்லிமீட்டர் அளவில் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்துக் கையால் வண்ணம் தீட்டிய வீரர்கள், தூரத்தை அளக்க டேப், முடிவைச் சொல்லப் பகடை, கூடவே ஒரு விதிநூல். இவ்வளவு இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் ஒரு சண்டையை ஆடி முடித்துவிடலாம். வண்ணம் தீட்டுவதற்கே வாரக்கணக்கில் ஆகுமென்பதால், புதிதாக வருபவர் பெரும்பாலும் பிறர் சேர்த்து வைத்த படையைக் கொண்டுதான் தம் முதல் ஆட்டத்தை ஆடுவார்.

இந்த ஆட்டத்தின் வம்சாவளி நீண்டது. பிரஷ்ய ராணுவம் 1824 முதல் அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் போர் விளையாடியது. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதி அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். காலனியப் போர்களுக்கென்று பரவலாக ஆடப்பட்ட விதிநூல், அமெரிக்கரான லாரி பிராம் 1979-இல் வெளியிட்ட 'தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃப்ளேம்'. தென்னாப்பிரிக்காவின் ஜூலு அரசோடு பிரிட்டன் நடத்திய ஆங்கில-ஜூலுப் போரின் நூற்றாண்டும் அதே ஆண்டில்தான் வந்தது. 1964-இல் வெளியான 'ஜூலு' திரைப்படம் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த கதையாக்கியிருந்ததால், புதியவர்களுக்கும் பிரிட்டிஷ் வீரரின் செஞ்சட்டை எது, ஜூலுக் கேடயம் எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிராமின் விதிகளில் ஒரு பிரிவு என்பது வழக்கமாக 20 வீரர்கள். யார் எப்போது நகர்வது என்பதைச் சாதாரணச் சீட்டுக்கட்டு முடிவு செய்கிறது. சிவப்புச் சீட்டு வந்தால் பிரிட்டிஷ் தரப்பில் ஒரு பிரிவு நகரும். கறுப்பு வந்தால் எதிர்த்தரப்பில் ஒன்று. எத்தனை அங்குலம் நகரலாம் என்பதையும் பகடைதான் சொல்லும். துப்பாக்கிச் சூட்டுக்கு 20 முகப் பகடை. குண்டு பட்டவர் செத்தாரா, காயம்பட்டாரா, அடிபட்டது அதிகாரியா என்பதற்கு மறுபடியும் சீட்டு. கைகலப்பில் பொம்மைக்குப் பொம்மை ஜோடி சேர்த்து ஆளுக்கொரு பகடை உருட்டுவார்கள். சதுரங்கம் ஆடிப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரே குழப்பமாகத் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டின் பெரிய பலம் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது.

ஒரு சுற்றை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். வறண்ட ஓடைக்கு இப்பால் 20 செஞ்சட்டை வீரர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஓடைக்கு அப்பால் இரண்டு ஜூலுப் பிரிவுகள். மூன்றாவது பிரிவு இடப்பக்கக் குன்றைச் சுற்றி வருகிறது. வரிசையின் ஒரு முனையை மடக்கி இடப்பக்கத்தைக் காக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஆட்டக்காரருக்குத் தெரியும். ஒரே ஒரு சிவப்புச் சீட்டு போதும். கறுப்பு வருகிறது, குன்றோரப் பிரிவு ஓடுகிறது. மீண்டும் கறுப்பு, நடுவில் நின்ற பிரிவு ஓடைக்குள் இறங்குகிறது. மூன்றாவதாகச் சிவப்பு வரும்போது பகடையில் ஒன்றும் இரண்டும் விழுகின்றன. வரிசை பாதி மடங்கிய நிலையில் நின்றுவிடுகிறது. இனி ஜூலுப் பிரிவு பாய்ந்து மோதத் துணிகிறதா என்று ஒரு பகடை, செஞ்சட்டைகள் நின்று தாங்குமா என்று இன்னொன்று. என்ன செய்ய வேண்டும் என்பது ஆட்டக்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே தெளிவாகத் தெரியும். அதைச் செய்ய முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் நடந்தது ஏறத்தாழ இதுதான். முகாமைக் காத்த பிரிட்டிஷ் அதிகாரி புல்லைனின் வரிசை தேவைக்கு மேல் நீண்டு, மெலிந்து, முகாமைவிட்டுத் தள்ளி நின்றது. ஏறத்தாழ 20,000 ஜூலு வீரர்கள் காளையின் மார்பும் கொம்புகளுமாக அணிவகுத்து இரு பக்கமும் வளைத்தார்கள். மார்ட்டினி-ஹென்றி அக்காலத்தின் மிகச் சிறந்த துப்பாக்கிகளில் ஒன்று. அதை வைத்திருந்தும் பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். தோல்விக்குக் காரணமாகத் தோட்டாப் பெட்டியைத் திறக்க முடியாத கதை நெடுங்காலம் சொல்லப்பட்டது. மெலிந்த வரிசை எப்படி உடைகிறது என்பதை மேசைமேல் ஒரு மணி நேரத்தில் கண்டவருக்கு அந்தக் கதையே தேவைப்படாது. புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் பிடிபடாத இடமும் காலமும் இங்கே கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த ஆட்டத்தை வரலாற்று மாணவர்களுக்குப் பரிந்துரைக்கலாம்.

காயம்பட்டோர் பற்றிய விதியும் பாராட்டத்தக்கது. பிரிட்டிஷ் பிரிவு காயம்பட்ட வீரர்களைக் களத்தில் விட்டுவிட்டுப் போகாது. அவர்களைத் தூக்கிச் செல்ல நலமுள்ள வீரர்களை ஒதுக்கியாக வேண்டும். ஐந்து பேர் விழுந்தால் அந்த ஐவரோடு இழப்பு நிற்பதில்லை, பிரிவின் வேகமும் சூட்டு வலுவும் சேர்ந்து குறைகின்றன. வெறும் எண்ணிக்கையாக முடிந்திருக்கக்கூடிய உயிரிழப்பை இந்த விதி ஒரு பாரமாக மாற்றிவிடுகிறது.

குறைகள் பெரியவை. முதலாவது, ஆட்டம் நியாயமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்தே பிறக்கிறது. இரு ஆட்டக்காரர்களுக்கும் வெற்றிக்கு வாய்ப்பு இருந்தால்தான் மாலை இனிமையாகக் கழியும். ஆனால் காலனியப் போர்களின் சாரமே அந்த வாய்ப்பு இல்லாமைதான். 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்டுர்மானில் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் பீரங்கிகளும் மேக்ஸிம் இயந்திரத் துப்பாக்கிகளும் சூடானிய ஆட்சியாளர் கலீஃபாவின் படையில் 10,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. கிச்சனரின் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர். இதை மேசையில் வைத்தால் ஒரு பக்கத்து ஆட்டக்காரர் காலை முழுவதும் தம் பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பார். அதனால் ஆட்ட உலகம் விதிவிலக்குகளையே தேடிப் போகிறது: இசாண்டில்வானா, ரோர்க்ஸ் டிரிஃப்ட், 1880-இல் ஆப்கானிஸ்தானின் மைவாண்ட், 1885-இல் சூடானின் அபு க்ளியா. ஒவ்வொன்றும் உண்மையில் நடந்த சண்டைதான். ஆனால் அவற்றை மட்டும் வரிசையாக ஆடி வந்தவர் மனத்தில், பேரரசு என்பது எப்போதும் எண்ணிக்கையில் குறைந்த, வளைக்கப்பட்ட, தற்காத்துக்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் என்ற படம் பதிந்துவிடும். படையெடுத்து வந்தது யார் என்பது அந்தப் படத்தில் மறைந்துபோகிறது.

1878 டிசம்பரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் பார்ட்டில் ஃப்ரியர், லண்டனின் ஒப்புதல் இல்லாமலேயே, ஜூலு மன்னர் செட்ஷ்வாயோ ஏற்கவே முடியாத நிபந்தனைகளை இறுதி எச்சரிக்கையாக அனுப்பினார். கெடு முடிந்ததும் 1879 ஜனவரி 11 அன்று பிரிட்டிஷ் தளபதி செல்ம்ஸ்ஃபோர்டின் படை எல்லை தாண்டியது. விதிநூல்கள் இதை முன்னுரையில் சொல்லலாம். ஆட்டம் இதைச் சொல்வதில்லை. ஆட்டம் தொடங்கும்போதே இரு படைகளும் மேசையின் இரு ஓரங்களில் சரிசமமாக நிற்கின்றன.

முடிவிலும் இதே குறை உண்டு. ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுமார் 150 பேர் 3,000-க்கும் மேற்பட்ட ஜூலுக்களை இரவெல்லாம் தடுத்து நின்றார்கள். 11 விக்டோரியா கிராஸ் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மறுநாள் காலையில், களத்தில் விழுந்து கிடந்த ஜூலுக் காயம்பட்டோரைப் பிரிட்டிஷ் தரப்பினர் கொன்றார்கள். முன்னர் பாராட்டிய காயம்பட்டோர் விதியின் ஒருதலைத்தன்மை இங்கே தெரிகிறது. செஞ்சட்டைக் காயத்துக்கு மேசையில் ஒரு மதிப்பு, ஜூலுக் காயத்துக்கு வேறொரு மதிப்பு. பிரிட்டிஷ் வீரன் விழுந்தால் அவனைத் தூக்க ஆள் வேண்டும். ஜூலு வீரன் விழுந்தால் மேசையிலிருந்து எடுத்துவிட்டால் போதும். இது ஆட்டத்தை விரைவாக்கச் செய்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த உடலைக் கணக்கில் எடுப்பது என்று பேரரசு வைத்திருந்த அளவுகோலை இந்த விதி அப்படியே தொடர்கிறது.

எதிர்த்தரப்பை ஒரே வார்ப்பில் ஊற்றிவிடுவதும் பெரிய இழப்புதான். ஜூலுப் படை வயதுவாரியாகத் திரட்டப்பட்ட அமாபுதோ என்ற பிரிவுகளால் ஆனது. ரோர்க்ஸ் டிரிஃப்டைத் தாக்கியவர்களில் உதுல்வானா பிரிவினர் நாற்பதுகளில் இருந்த குடும்பஸ்தர்கள். இசாண்டில்வானாவில் பின்னணிப் படையாக நிறுத்தப்பட்டு, வெற்றியில் பங்கு கிடைக்காமல், பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற மன்னரின் கட்டளையை மீறி வந்தவர்கள் அவர்கள். வண்ணம் தீட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரியும், ஏனெனில் கேடயத்தின் நிறத்தில் அது இருக்கிறது. விதிநூலைத் திறந்தால் எல்லோருக்கும் ஒரே வேகம், ஒரே துணிச்சல்.

பேரரசின் பக்கமும் இதே சுருக்கத்துக்குத் தப்பவில்லை. இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் நேட்டாலின் கறுப்பின வீரர்கள். 1885 மார்ச் 22 அன்று சூடானின் சுவாகின் அருகே டோஃப்ரெக்கில் சூடானியத் தளபதி உஸ்மான் திக்னாவின் படை பாய்ந்தபோது, முள்வேலி அரண் அமைக்கும் பணி இன்னும் முடியவில்லை. அங்கே நின்ற படையில் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற இந்தியப் பொறியாளர் பிரிவும் இருந்தது. 'டோஃப்ரெக்' இன்றும் அதன் போர்க்கள விருதுகளில் ஒன்று. சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் செங்கடல் கரையில் யாருக்காக நின்றார்கள் என்ற கேள்வி எழ வேண்டுமானால், அவர்கள் முதலில் மேசையில் இருக்க வேண்டும்.

இந்தக் குறைகளை ஆட்ட வடிவமைப்பாளர்களும் ஓரளவு உணர்ந்தே இருக்கிறார்கள். ஹோவர்ட் வைட்ஹவுஸின் 'சயன்ஸ் வெர்சஸ் பிளக்' சூடான் போர்களுக்கானது. அதில் எல்லா ஆட்டக்காரர்களும் பிரிட்டிஷ் அதிகாரிகள். எதிரியான சூடானின் மஹ்திப் படையை நடுவர் நடத்துவார். எதிரி எங்கே, எத்தனை பேர் என்று தெரியாத அச்சம் இதில் அபாரமாக வருகிறது. சமவாய்ப்பு என்ற பொய்யும் விலகுகிறது. ஆனால் சூடானியர் பக்கத்தில் அமர்ந்து யோசிக்க யாருமில்லை. அவர்கள் வெறும் ஆபத்தாக மாறிவிடுகிறார்கள். டேன் மெர்சியின் 'தி மென் ஹூ வுட் பி கிங்ஸ்' 2016-இல் வந்தது. விதிகள் எளியவை, புதியவருக்கு மிக ஏற்றது. தனியாக ஆடுபவருக்காக எதிர்த்தரப்பைத் தானாக இயங்கவைக்கும் விதிகளும் அதில் உண்டு. இங்கும் தானியங்கியாவது பூர்வகுடித் தரப்புதான். இந்த இரு நூல்களையும் பிராமின் நூலோடு ஒப்பிட்டால், பிராமின் பழைய விதிகளுக்கு ஒரு மேன்மை தெரிகிறது: அங்கே ஜூலுப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து, தம் மூளையைச் செலவிட்டு, பிரிட்டிஷ் வரிசையை உடைக்கத் திட்டமிடுகிறார்.

முதல் ஆட்டத்தை அமைத்துத் தருபவர் செய்யக்கூடியது கணிசம். புதியவரை ஜூலுப் பக்கம் உட்காரவைப்பது நல்லது. துப்பாக்கிச் சூட்டைக் கடந்து போக நிலத்தின் மடிப்புகளைத் தேடும்போது, ஆவேசம் மட்டுமே ஜூலுக்களின் போர்முறை என்ற எண்ணம் தானாக மறையும். வெற்றியை எத்தனை பொம்மைகளை வீழ்த்தினார் என்று அளக்காமல், இரு தரப்புக்கும் வெவ்வேறு இலக்கு வைக்கலாம்: பிரிட்டிஷ் தரப்புக்குக் கால்நடைகளைக் கவர்ந்து குடியிருப்பை எரிப்பது, ஜூலுத் தரப்புக்கு மக்களையும் மாடுகளையும் மேசையின் மறுஓரம் கொண்டுசேர்ப்பது. அந்தப் போரின் பெரும்பகுதி அப்படித்தான் நடந்தது. சமமற்ற படைகளை வைத்தும் அப்போது ஆட முடியும்.

ஒரே சண்டையோடு நிறுத்தாமல் நான்கைந்து ஆட்டங்களைத் தொடராக ஆடுவது இன்னும் சிறந்தது. இசாண்டில்வானாவை வென்ற ஜூலு வீரர்கள், இறந்தோருக்கான சடங்குகளும் தூய்மைச் சடங்கும் முடிக்க வீடு திரும்பினார்கள். செல்ம்ஸ்ஃபோர்டுக்கோ கப்பல் கப்பலாகப் புதிய படைகள் வந்தன. தொடர் ஆட்டத்தில் ஜூலு ஆட்டக்காரரின் இழப்பு அடுத்த ஆட்டத்துக்கும் தொடரும், பிரிட்டிஷ் ஆட்டக்காரரின் இழப்பு நிரப்பப்படும். 1879 ஜூலை 4 அன்று ஜூலுத் தலைநகரான உலுண்டியில், கேட்லிங் துப்பாக்கிகளோடு சதுரமாக அணிவகுத்த படை ஒரு மணி நேரத்துக்குள் போரை முடித்தது. அந்தச் சண்டையைத் தனியாக ஆடுவதில் சுவாரசியமே இல்லை. தொடரின் கடைசி ஆட்டமாக அதை வைத்து, முந்தைய வெற்றிகள் எல்லாம் இருந்தும் மிச்சமிருக்கும் சில பிரிவுகளோடு ஜூலு ஆட்டக்காரர் அந்தச் சதுரத்தை எதிர்கொள்ளும்போது, இசாண்டில்வானாவில் அவ்வளவு பெரிதாக வென்றவர்கள் ஆறே மாதத்தில் ஏன் நாட்டை இழந்தார்கள் என்பதற்கு விடை மேசையிலேயே கிடைக்கும்.